சுரங்கத் தண்ணீர்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சுரங்கங்களிலிருந்து வெளியேறும் கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. நிலக்கரி, உலோகம் இரண்டு வகைச் சுரங்கங்களும் பார்த்திருக்கிறேன். வழக்கு, இழப்பீடு பற்றி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வேண்டுகோள்: "பிஎச் இவ்வளவு, தண்ணீர் நல்லதா?" என்று கேட்காதீர்கள். பிஎச் என்பது அமிலத்தைக் காட்டும் எண் மட்டும்தான்: 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் அதிகம். கேட்கத்தான் போகிறீர்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: சுரங்கத்தில் யாரும் அமிலத்தை ஊற்றுவதில்லை. அப்புறம் தண்ணீர் எப்படி அமிலமாகிறது?

பதில்: நல்ல கேள்வி, இங்கிருந்தே தொடங்கலாம். காரணம் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம்போல் மின்னும் கனிமம். பூமிக்கு அடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. நாம் பாறையை உடைத்து மேலே கொண்டுவந்து குவிக்கிறோம். உடைக்க உடைக்க, காற்றும் மழையும் படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. பைரைட் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் தருகிறது.

தண்ணீர் ஓரளவு அமிலமானதும் இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். அவை கரைந்த இரும்பை ஃபெர்ரிக் இரும்பாக, அதாவது ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பாக, மாற்றுகின்றன. அந்த ஃபெர்ரிக் இரும்பு திரும்பவும் பைரைட்டையே அரிக்கிறது, அதற்கு ஆக்சிஜன்கூடத் தேவையில்லை. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு மாதிரி ஒரு சுற்று இது. கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் பிஎச் மைனஸ் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். ஆமாம், மைனஸ்தான். இந்த அமிலம் வழியில் இருக்கும் செம்பு, துத்தநாகம், காட்மியம் என்று எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்து ஓடையில் பிஎச் 6.3 இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லைதானே?

பதில்: சொன்னேனா இல்லையா!

சரி, ஒரு கதை சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிலக்கரிச் சுரங்க வாயிலில் தண்ணீர் எடுத்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவு, பிஎச் 6.2. "நல்ல தண்ணீர்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மிச்சமிருந்த அரை பாட்டிலை மூடியைச் சரியாகத் திருகாமல் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு விடுமுறையில் போனேன். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஆரஞ்சு நிறக் கசடு. பிஎச் 3.4.

நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் இரும்பு கரைந்த நிலையில் ஒளிந்திருக்கும், நிறமே தெரியாது. காற்றுப் பட்டதும் துருவாகப் படியும், படியும்போது அமிலத்தை வெளிவிடும். ஒரு மில்லிகிராம் இரும்பு படிய ஏறக்குறைய 1.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை (தண்ணீர் அமிலத்தைச் சரிக்கட்டும் திறன்) செலவாகும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் இரும்பு இருந்தால் 180 வேண்டும். என் பாட்டிலில் அதில் பாதிகூட இருந்திருக்காது. அதனால் பிஎச்சோடு கரைந்த இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, காரத்தன்மை எல்லாவற்றையும் சேர்த்து அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி (மாணவி): சார், சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 7-க்குக் கொண்டுவந்தால் எல்லா உலோகமும் படிந்துவிடுமா?

பதில்: படியாது அம்மா. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. ஃபெர்ரிக் இரும்பு 3.5 பக்கத்திலேயே கீழே விழுந்துவிடும். அலுமினியம் 5 தாண்டும்போது விழும். துத்தநாகத்துக்கு 9 வேண்டும். மாங்கனீசு பிடிவாதக்காரன், 10 பக்கம் போனால்தான் மசிவான். அவனுக்காக மேலே ஏற்றினால் ஏற்கெனவே படிந்த அலுமினியம் மறுபடி கரைய ஆரம்பிக்கும். எல்லாம் கலந்து வரும் தண்ணீரை ஒரே தொட்டியில் முடிக்க முடியாமல் இரண்டு கட்டமாகப் பிரிப்பது இதனால்தான். புத்தக அட்டவணையை நம்பாமல் உங்கள் தண்ணீரையே ஆறு ஜாடிகளில் ஊற்றி, சுண்ணாம்பு அளவை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கசடையும் மறந்துவிடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு போட்டு அப்படியே விட்டால் வரும் கசடில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதில் ஒரு பகுதியைத் திரும்பச் சுண்ணாம்போடு கலந்து சுற்றிவிட்டால் திடப்பொருள் 20 சதவீதம், அதற்கு மேலும் வரும். கசடைக் கொட்ட இடம் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேள்வி: பிஎச் 7 இருக்கும் சுரங்கக் குட்டைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: இரண்டு கேள்விக்கு மேலே போய்ப் படியுங்கள். ஆர்செனிக் நடுநிலையான தண்ணீரிலும் கரைந்திருக்கும், கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் ஒரு வாய்கூட வேண்டாம்.

கேள்வி: எதற்கு சார் சுட்ட சுண்ணாம்பு, தொட்டி, மோட்டார் எல்லாம்? வாய்க்காலில் சுண்ணாம்புக்கல்லைக் கொட்டினால் போதும். செலவும் குறைவு, ஆளும் வேண்டாம்.

பதில்: முதல் மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் கல்லின் மேல் இரும்புத் துரு தோல் மாதிரிப் பூசிக்கொள்ளும். உள்ளே கல் அப்படியே இருக்கும், தண்ணீருக்கு எட்டாது. இப்படி ஆரஞ்சுக் கற்களாகிப்போன வாய்க்கால்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதே நண்பர்: எங்கள் இடத்தில் ஒன்பது வருடமாக ஓடுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து முடியாது என்று சொல்லாதீர்கள்.

பதில்: ஒன்பது வருடமா? அப்படியானால் நீங்கள் ஏதோ சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். கல் திறந்த வாய்க்காலிலா இருக்கிறது?

இன்னொருவர்: நானும் போட்டேன். எட்டே மாதத்தில் அடைத்துக்கொண்டது. இவர் சொல்வதை நம்பாதீர்கள்.

அதே நண்பர்: திறந்த வாய்க்கால் இல்லை. பள்ளம் தோண்டி, கல்லை நிரப்பி, மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேல் களிமண் போட்டு மூடியிருக்கிறோம். சுரங்க வாயிலிலிருந்து தண்ணீர் நேராக உள்ளே போகிறது. கரைந்த ஆக்சிஜன் 0.4 மில்லிகிராம்.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே இல்லை! நீங்கள் செய்திருப்பது கல்லைக் கொட்டிய வாய்க்கால் இல்லை, காற்றுப் புகாத சுண்ணாம்புக்கல் வடிகால். ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கரைந்தபடியே கல்லைக் கடந்து போகிறது, பூச்சு விழுவதில்லை. வழியில் காரத்தன்மையைச் சேர்த்துக்கொண்டு, வெளியே குட்டையில் காற்றுப் பட்டுப் படிகிறது. அருமையான ஏற்பாடு. "சுண்ணாம்புக்கல் ஆகாது" என்று நான் பொதுவாகச் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இது எல்லாத் தண்ணீருக்கும் ஆகாது. ஆக்சிஜன், ஃபெர்ரிக் இரும்பு, அலுமினியம் மூன்றும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். எட்டு மாதத்தில் அடைத்துக்கொண்ட நண்பரே, உங்கள் தண்ணீரில் அலுமினியம் எவ்வளவு?

இன்னொருவர்: 14. அதை யாரும் கேட்கவே இல்லை.

பதில்: அதுதான் விஷயம். காற்று இல்லாவிட்டாலும் பிஎச் ஏறினால் அலுமினியம் படியும், கல் இடுக்குகளை அடைக்கும். நீங்கள் இருவரும் வாதாடியது கல்லைப் பற்றி. வித்தியாசம் தண்ணீரில் இருந்தது.

கேள்வி: நாணல் வளர்த்தால் உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: செடி உறிஞ்சுவது கொஞ்சம்தான். உண்மையில் வேலை செய்வது அடியிலுள்ள சேறும் அதிலிருக்கும் பாக்டீரியாக்களும். இடம் தாராளமாக இருந்து தண்ணீர் குறைவாக வந்தால் செய்யலாம்.

கேள்வி: சுரங்கத்தை மூடிவிட்டார்கள், பம்பையும் நிறுத்திவிட்டார்கள். பிரச்சினை முடிந்ததுதானே?

பதில்: அப்போதுதான் ஆரம்பம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, உள்ளே தண்ணீர் ஏறியது. 1992 ஜனவரியில் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஆறும் கழிமுகமும் ஆரஞ்சாக மாறின. அமெரிக்காவின் மொன்டானாவில் பெர்க்லி பிட் என்ற செம்புச் சுரங்கக் குழியில் 1982-ல் பம்பை நிறுத்தினார்கள். அது ஏரியானது. 1995-ல் அங்கே இறங்கிய பனிவாத்துக் கூட்டத்தில் 342 பறவைகள் செத்து மிதந்தன. அந்தத் தண்ணீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது.

கேள்வி: சுரங்கக் கழிவைத் தண்ணீருக்குள் மூழ்கடித்து வைத்தால் அமிலம் வராது என்று படித்தேன். கழிவைத் தேக்கிவைக்கும் அணைக்குள் அப்படியே செய்யலாமே?

பதில்: வேதியியல்படி நீங்கள் சொல்வது சரி. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆனால் அணை கட்டுபவரிடம் கேட்டுப் பாருங்கள். ஈரம் ஊறிய கழிவு, அதன் மேலேயே கட்டிய கரை, எந்த நேரமும் கூழாகி ஓடலாம். பிரேசிலின் புரூமாடின்யோவில் 2019 ஜனவரி 25-ல் உடைந்த அணையின் மேல் தண்ணீர்கூடத் தேங்கியிருக்கவில்லை, உள்ளே ஊறியிருந்த ஈரமே போதுமானதாக இருந்தது. 270 பேர் போய்விட்டார்கள். மூழ்கடிப்பதென்றால் பழைய பாறைக் குழிக்குள் மூழ்கடியுங்கள். மண் கரையை நம்பித் தண்ணீரை நிறுத்தாதீர்கள். கழிவைப் பிழிந்து காயவைத்து அடுக்கி, மேலே களிமண் போர்த்துவது எனக்குப் பிடித்த வழி. செலவு அதிகம்தான்.

கேள்வி: பிஎச் 7.2. தண்ணீர் நல்லதா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: நஷ்ட ஈடு எப்படிக் கேட்பது?

பதில்: வக்கீலிடம் போங்கள். போகும்போது தேதி போட்ட தண்ணீர் அறிக்கைகளை எடுத்துப் போங்கள்.

கேள்வி: புதிதாகத் தோண்டப்போகும் இடத்தில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியும். பாறையில் பைரைட்டாக 1 சதவீதம் கந்தகம் இருந்தால் அதைச் சரிக்கட்ட டன்னுக்கு 31 கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும். அதே பாறையில் அது இருக்கிறதா என்று பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். கெட்ட பாறையைத் தனியாகக் குவியுங்கள். மேட்டிலிருந்து வரும் நல்ல மழைத்தண்ணீர் அதில் படாமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பிட்டால் அந்த வாய்க்காலின் செலவு ஒன்றுமே இல்லை.

சுண்ணாம்புக்கல் நண்பர்: கடைசியாக ஒன்று சார். போன மாதத்திலிருந்து எங்கள் வடிகாலில் தண்ணீர் கொஞ்சம் குறைவாக வருகிற மாதிரி இருக்கிறது.

பதில்: "மாதிரி" வேண்டாம். ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துப் போய், வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் அளந்து எழுதுங்கள். வெளியேறும் குழாயின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். ஆரஞ்சாக ஒட்டினால் எங்கோ காற்றுப் புகுகிறது, களிமண்ணில் விரிசல் தேடுங்கள். வெள்ளையாக வழவழவென்று வந்தால் அலுமினியம். அப்படி வந்தால் உடனே எழுதுங்கள்.