தோட்டத்தில் வைக்கும் மூன்றடி உயரச் சுடுமண் சிற்பத்தைக் கையாலேயே செய்வது எப்படி? சூளையில் வெடிக்காமலும் மழையில் உதிராமலும் இருக்க என்ன செய்யலாம்?

வெடிப்பதற்கும் உதிர்வதற்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர். மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தை அவசரப்படாமல் வெளியேற்றினால் சூளையைத் தாண்டிவிடலாம். வெளியிலிருந்து வரும் நீர் தேங்காமல் வழிவிட்டால் சிற்பம் தோட்டத்தில் பல ஆண்டு நிற்கும்.

முதலில் மண். குளத்துக் களிமண் போதும், ஆனால் அப்படியே பிசைந்து வேலையைத் தொடங்காதீர்கள். நன்றாகக் காயவைத்து, உடைத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். முழுக்கக் காய்ந்த கட்டி தானாகக் கரையும். அரை ஈரக் கட்டி நாள்கணக்கில் ஊறினாலும் கரையாது. கரைந்த குழம்பை 30 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 30 கண்) சல்லடையில் வடிகட்டுங்கள். நம் பக்கத்துக் களிமண்ணில் சுண்ணாம்புக் குறுணி அதிகம், அதற்காகத்தான் இந்த வேலை. சூளையில் அந்தக் குறுணி சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சில நாள் கழித்துக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, மேற்பரப்பைக் காசளவு பெயர்த்துத் தள்ளும். நன்றாகச் சுட்ட சிற்பத்தில் ஒரு வாரம் கழித்து வெள்ளைப் புள்ளியோடு பள்ளம் விழுந்தால் காரணம் இதுதான். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

பெரிய உருவத்துக்கு வெறும் களிமண் ஆகாது. 10 கிலோ உலர் களிமண்ணுக்கு 2 முதல் 3 கிலோ ஓட்டுத்தூள் சேருங்கள். உடைந்த ஓடு, பானைச் சில்லுகளை இடித்து 2 மி.மீ.க்குள் சலித்தாலே போதும். ஏற்கெனவே சுட்ட மண் என்பதால் அது மறுபடி சுருங்காது, ஈரம் வெளியேறவும் வழி தரும். அய்யனார் கோயில் புரவி செய்யும் வேளார்கள் மணலும் உமியும் கலப்பது இதே காரணத்துக்காகத்தான். உமி எரிந்துபோய்ச் சிறு துளைகளை விட்டுச்செல்லும், எடையும் குறையும். ஆனால் துளை கூடினால் நீர் உறிஞ்சுவதும் கூடும். அதனால் தோட்டச் சிற்பத்துக்கு ஓட்டுத்தூளே என் தேர்வு.

அடுத்தது அளவு. கலந்த மண்ணில் ஒரு பட்டை தட்டி 10 செ.மீ. கோடு போட்டுச் சுட்டுப் பாருங்கள். கோடு 9 செ.மீ. ஆனால் சுருக்கம் 10 சதவீதம், 90 செ.மீ. சிற்பம் வேண்டுமென்றால் பச்சை மண்ணில் 100 செ.மீ. எழுப்ப வேண்டும்.

உருவத்தை உள்ளே கூடாகத்தான் எழுப்ப வேண்டும். விரல் தடிமனில் மண் திரித்து, வளையமாக அடுக்கி, உள்ளேயும் வெளியேயும் இழுத்துத் தேயுங்கள். அடியில் 2 செ.மீ., மேலே போகப் போக 1.5 செ.மீ. சுவர் போதும். ஒரே நாளில் உச்சிவரை போகாதீர்கள். 15 செ.மீ. ஏறியதும் நிறுத்தி, விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி, கீழ்ப்பகுதி தோல் பதத்துக்கு (ஈரம் இருந்தாலும் வளையாமல் நிற்கும் பதம்) இறுகும்வரை விடுங்கள். புரவியிலும் முதலில் கால்களைக் குழாய்களாகச் செய்து இறுகவிட்ட பிறகுதான் உடலை ஏற்றுவார்கள். கை, காது, இறகு போன்றவற்றை ஒட்டும்போது இரண்டு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்துங்கள். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்த உடலில் ஈரக் காதை ஒட்டினால், காது தனியாகச் சுருங்கி ஒட்டிய இடத்திலேயே விரிசல் விடும். மூடிய அறை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஈரம் வெளியேற ஒவ்வொன்றுக்கும் பென்சில் அளவு துளை விடுங்கள்.

சூளை சிறிதென்றால் சிற்பத்தை மூன்று துண்டாகச் செய்து அடுக்கலாம். மேல் துண்டின் அடியில் 3 செ.மீ. உதடு வைத்து, அது கீழ்த் துண்டுக்குள் இறங்கும்படி செய்யுங்கள். இடைவெளி சுற்றிலும் 3 மி.மீ. இருக்கட்டும். நடுவில் பாலிதீன் தாளை வைத்து, தோல் பதத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்துவிடுங்கள். சுட்டபின் அரத்தால் ராவிச் சரிசெய்வது பெரும்பாடு.

காயவைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் பாலிதீன் மூடியே இருக்கட்டும்; மின்விசிறிக் காற்று படக் கூடாது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக் குமிழிதான் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது நீராவி. குமிழியே இல்லாத தடித்த மண்ணும் ஈரமாக இருந்தால் வெடிக்கும். நன்கு காய்ந்தது குமிழியோடும் தப்பும்.

மின்சூளையில் 90 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு நிறுத்துங்கள், மூடி சற்றுத் திறந்திருக்கட்டும். பிறகு 250 டிகிரிவரை மணிக்கு 50, அங்கிருந்து 600வரை மணிக்கு 100, அதன்பின் 950 அல்லது 1000வரை மணிக்கு 150 என்று ஏற்றலாம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் (மணலில் இருக்கும் படிகம்) சட்டென்று விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். மயிரிழை விரிசல் பெரும்பாலும் அவசரமாக ஆறவைத்ததால் வருவது. 100 டிகிரிக்குக் கீழே இறங்காமல் சூளையைத் திறக்காதீர்கள். அதிகம் சுட்டால் உறுதி என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். குளத்து மண் பலதும் 1100 டிகிரியை நெருங்கும்போதே வளைந்து கொப்பளிக்கும்.

நிறத்துக்குக் காவிக் குழம்பைச் சுடுவதற்கு முன்பே பூசிக் கூழாங்கல்லால் தேய்ப்பது நல்லது. எனாமல் பெயின்ட் வேண்டாம். உள்ளிருந்து வரும் ஈரம் அதைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பளபளப்பான கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) வேண்டுமென்றால் 1200 முதல் 1300 டிகிரியில் சுடும் ஸ்டோன்வேர் மண்ணுக்குப் போங்கள்; அது கல்போல் இறுகி நீரை அதிகம் உறிஞ்சாது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையை ஒட்டி, புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் இந்த வேலை வளர்ந்திருக்கிறது. அங்கே பேசினால் மண்ணும் சூளையும் பற்றித் தெளிவு கிடைக்கும்.

நிறுவும்போது ஓரடிக் குழி வெட்டி, கான்கிரீட்டில் முக்கால் இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை நட்டு, துண்டுகளை அதன்மேல் கோத்து இறக்குங்கள். துண்டுகளுக்கு நடுவே சைக்கிள் டியூப் வளையம் வைக்கலாம். கூட்டுக்குள் சிமென்ட் நிரப்புவதைப் பலரும் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். குழாய் துருப்பிடித்து உப்பினால் நடுவில் இடமில்லாமல் சுவர் பிளக்கும். சிற்பத்தை மண்மேல் நேராக வைக்காமல் செங்கல் மேடையில் வைத்து, அடியில் வடிதுளை விடுங்கள். குழிவான மடி, திறந்த வாய் எல்லாவற்றிலும் துளை வேண்டும். தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். உப்பான போர்வெல் தண்ணீர் சிற்பத்தில் படாமல் பாய்ச்சுங்கள். வெள்ளை பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்.

ஊட்டியில் உறைபனி விழும் இடத்தில் வைப்பதாக இருந்தால் கணக்கே வேறு. உறையும் நீர் 9 சதவீதம் விரியும். ஒரு சுட்ட சில்லை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் 224 ஆனால் 12 சதவீதம் உறிஞ்சுகிறது. அப்படிப்பட்ட மண் பனியில் அடுக்கடுக்காக உரியும். 3 சதவீதத்துக்குக் குறைவாக உறிஞ்சும் ஸ்டோன்வேரில் செய்யுங்கள், இல்லையென்றால் உறைபனிக் காலத்தில் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள்.