டிரில் கடைசியில்தான்: பூட்டு, சாவி கேள்வி-பதில்

காற்றில் கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே. சாவிக்காரர் போனில் எடுத்த எடுப்பில் "பூட்டினதா, சாத்தினதா?" என்று கேட்டார். எதுவானால் என்ன? (ஓசூர் அடுக்குமாடி வாசகி)

வேலையே மாறிவிடும். வெறுமனே சாத்திய கதவைப் பிடித்திருப்பது ஒருபக்கம் சரிவாகச் சீவிய ஸ்பிரிங் நாக்கு மட்டும்தான். இடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு அதைப் பின்னால் தள்ளினால் போதும், பூட்டில் ஒரு கீறல் விழாது. சாவி சுற்றிப் பூட்டியிருந்தால் சதுரக் கட்டை வாசக்காலுக்குள் இறங்கியிருக்கும். அங்கே தகடு செல்லாது, சாவி நுழையும் உருளையான சிலிண்டரைத்தான் திறக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் கதவு உள்பக்கம் திறக்கிறது. வாசக்காலின் விளிம்பு இடுக்கை மறைப்பதால் தகடு வளைந்து போக வேண்டியிருக்கும், 5 நிமிட வேலை 20 நிமிடம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுப்பு எரிகிறது, உள்ளே குழந்தை இருக்கிறது என்றால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்போது பூட்டைக் காப்பாற்றும் வேலை இல்லை, நேரம்தான் கணக்கு.

பூட்டு திறக்க மாட்டேங்குது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

என்ன பூட்டு? தொங்குபூட்டா, கதவுக்குள் பதித்ததா? சாவி தொலைந்ததா, இருந்தும் சுற்றவில்லையா? உள்பக்கம் இன்னொரு சாவி செருகியிருக்கிறதா? இருபக்கச் சிலிண்டர்கள் பலவற்றில் உள்ளே சாவி நின்றால் வெளிச்சாவி முழுசாக நுழையாது. இதெல்லாம் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. அடுத்த முறை சாவித் துளையையும் கைப்பிடித் தகட்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.

2 வயதுப் பையன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சாவிக்காரரைக் கூப்பிடலாமா? (பாலக்கோடு)

தாழ்ப்பாளுக்கு வெளியே துளை கிடையாது, சாவிக்காரரால் பெரிதாக ஆகாது. அழுதுகொண்டிருக்கும் குழந்தை என்றால் 101, தீயணைப்புத் துறை. அவர்கள் வரும்வரை ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்துக் குழந்தையைக் கதவை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். கதவு உள்பக்கம் திறப்பது என்றால் கீலும் உள்பக்கம்தான், வெளியிலிருந்து கழற்றும் யோசனையை விடுங்கள். அப்புறம் கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றி 5 அடி உயரத்தில் மாட்டிவிடுங்கள்.

திண்டுக்கல் மாங்காய் பூட்டு, தாத்தா காலத்தது. சாவி தொலைந்துவிட்டது. அறுத்துவிடச் சொல்கிறார்கள். (பென்னாகரம்)

அறுக்காதீர்கள்! அறுத்தே ஆக வேண்டுமானால் நாதாங்கியை அறுங்கள். அது ஐம்பது, நூறு ரூபாய்ச் சாமான். பூட்டை முழுசாகக் கழற்றி எடுத்துப் போய், இதுபோன்ற லிவர் பூட்டுக்கு (உள்ளே இருக்கும் தகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் வகை) கையால் சாவி ராவுகிற ஆளிடம் கொடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது.

சாவி சுற்றுவது கஷ்டமாக இருந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது காலையில் திறப்பதே இல்லை, மதியம் திறக்கிறது. வந்தவர் சிலிண்டரைத் துளைக்க வேண்டும் என்கிறார். (பர்கூர்)

எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒருவர் இந்தக் கேள்வியோடு வருகிறார். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் வேண்டாம். விளக்கெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிலிண்டருக்குள் 5 அல்லது 6 பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் முடி போன்ற ஒரு ஸ்பிரிங். சாவியின் வெட்டுக்கு ஏற்றபடி பின்கள் ஏறி இறங்கி ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் பூட்டு சுற்றும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி, தை காலையில் நம் பக்கம் 18 டிகிரி சாதாரணம். உறைந்த எண்ணெயில் மேலே போன பின்னைக் கீழே தள்ள அந்த ஸ்பிரிங்குக்குப் பலம் இல்லை. வெயில் ஏறியதும் இளகிவிடும். உங்கள் பூட்டு மதியம் திறக்கும் மர்மம் இதுதான்.

அதோடு நீங்கள் இருப்பது கிரானைட் அறுக்கும் ஊர். அந்தத் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். சாவியை வெளியே எடுத்து வெட்டுக்களுக்கு நடுவே பாருங்கள், சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும். அதே பசை உள்ளே பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், சேதமில்லாமல் பூட்டைத் திறக்கும் வழியையே எண்ணெய் அடைத்துவிடுகிறது. கம்பி விட்டுத் திறப்பவர் ஒவ்வொரு பின்னும் 'டக்' என்று உட்காருவதை விரல் நுனியில் உணர்ந்துதான் வேலை செய்கிறார். பசையில் ஒட்டிய பின் எதையும் சொல்லாது. அரை மணி போராடிவிட்டு அவர் டிரில்லை எடுத்தால் குற்றம் அவர் மேல் இல்லை.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது, மதியம் திறக்கிறதே. கதவின் விளிம்பில் பூட்டுத் தகட்டில் இருக்கும் நீள ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். காண்டாக்ட் கிளீனர் (மின்சாமான் சுத்தம் செய்யும்) ஸ்பிரே அடித்து, சாவியை 20 தடவை விட்டு எடுத்துத் துடையுங்கள். அழுக்கு வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். நன்கு காய்ந்த பிறகு ஒரு சிட்டிகை கிராஃபைட் தூள். கிடைக்காவிட்டால் 2பி பென்சில் முனையைச் சாவியின் வெட்டுக்களில் கருக்கத் தேய்த்து விட்டு எடுங்கள். எண்ணெய் இருக்கும்போதே கிராஃபைட் போட்டால் இன்னொரு பசைதான் கிடைக்கும்.

சாவி பாதி உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டது. ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கலாமா? (கிருஷ்ணகிரி)

கூடவே கூடாது. பசை வழிந்து பின்களை ஒட்டிவிட்டால் சிலிண்டர் குப்பைக்குத்தான். துளை, சாவி நுழையும் நிலைக்குத் திரும்பினால்தான் துண்டு வெளியே வரும். பாதி சுற்றிய நிலையில் எவ்வளவு இழுத்தாலும் வராது. மெல்லிய ரம்பத் தகட்டின் பல்லால் கொக்கி போட்டு எடுப்பார்கள். கீல் தொய்ந்து கதவு இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலத்தைப் போட்டுச் சுற்றச் சுற்றத்தான் சாவி முறிகிறது.

வந்தவுடன் டிரில் போட்டு, பூட்டு மொத்தத்தையும் மாற்றிவிட்டார். நியாயமா? (தருமபுரி)

குழிச் சாவிப் பூட்டு (சாவியில் பல்லுக்குப் பதில் சின்னக் குழிகள் இருக்கும்), உள்ளே முறிந்துபோன சிலிண்டர் என்றால் டிரில் நியாயம்தான். அப்போதும் துளை விழ வேண்டியது சிலிண்டரில் மட்டும். கைப்பிடித் தகட்டிலோ மரத்திலோ விழக்கூடாது. மாற்ற வேண்டியதும் சிலிண்டர் மட்டுமே, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். நீளம் 60 அல்லது 70 மில்லிமீட்டர் இருக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். டிரில்லை எடுப்பதற்கு முன் "வேறு வழி பார்த்தீங்களா, ஏன் ஆகலை?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் காரணம் சொல்வார். உங்களிடம் ஆதார் கேட்காமல், பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் திறந்தார் என்றால் அவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

வாடகை பாக்கி 3 மாதம். குடியிருப்பவர் ஊரில் இல்லாதபோது ஆள் வைத்துத் திறக்கலாமா? (ஓசூர்)

கூடாது. வக்கீலைப் பாருங்கள், சாவிக்காரரை இதில் இழுக்காதீர்கள்.

டிஜிட்டல் பூட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டால் உடைக்கத்தான் வேண்டுமா? (ஓசூர்)

வேண்டாம். பல மாடல்களில் வெளிப்பக்கம் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணைப் போடுங்கள். பூட்டோடு வந்த சாதாரணச் சாவி இப்போது எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் பீரோவில் என்றால், இன்றே எடுத்து அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள்.