வெனிஸில் மீதமிருக்கும் இரண்டு நாட்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். காலை 11 மணிக்குச் சான் மார்கோ சதுக்கத்துக்குப் போவதை மட்டும் நிறுத்துங்கள். பகலில் கூட்டத்தில் மூச்சுமுட்டியது, இரவில் அதே ஊர் மனதை அள்ளியது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மைதான்.

பெரும்பாலும் நேரம்தான் காரணம். ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் முற்பகலில் வந்து இறங்கி, மாலையில் ரயிலேறிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரயில் நிலையம், ரியால்தோ பாலம், சான் மார்கோ என்று ஒரே தடத்தில்தான் நடப்பார்கள்.

நாளை இதைச் செய்து பாருங்கள். காலை ஆறரைக்கு ரியால்தோ பாலத்தில் போய் நில்லுங்கள். பெட்டிகள் ஏற்றிய படகுகள் கால்வாயில் போகும், படிக்கல்லில் தண்ணீர் தட்டும் சத்தம்கூடக் கேட்கும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே அந்த ஒரு மணி நேரத்தில்தான்!

கூட்டம் சேர ஆரம்பித்ததும் வடக்கே கன்னரேஜோ என்ற பகுதிக்கு நடந்துவிடுங்கள். 1516-இல் யூதர்களை ஒதுக்கி அடைத்த கெட்டோ அங்கேதான் இருக்கிறது. அந்தச் சொல்லே இங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது. வெளியே பரவ இடமில்லாமல் மாடிமேல் மாடியாக எழுப்பிய வீடுகளின் சன்னல் வரிசைகளை நின்று எண்ணிப் பாருங்கள், மனம் கனத்துவிடும். வழி தவறினால் பதற வேண்டாம், சுவரிலுள்ள மஞ்சள் பலகைகள் ரியால்தோவுக்கோ சான் மார்கோவுக்கோ கொண்டு சேர்த்துவிடும்.

அப்புறம் ஒன்று. 2024 முதல் சில குறிப்பிட்ட நாட்களில் ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு இருந்தாலும் அதை இணையத்தில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.