கூரை இருக்கட்டும், அப்பாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 38 வயது. பல வருஷக் கனவு, இப்போதுதான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். நான் பார்த்து வைத்திருக்கும் மாடல் கூரை திறக்காத கூப்பேயிலும் வருகிறது, துணிக்கூரை உள்ள கன்வெர்ட்டிபிளிலும் வருகிறது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கூப்பே ஓட்ட இறுக்கமாக, அமைதியாக இருக்கிறது. கன்வெர்ட்டிபிளில் கூரையைத் திறந்ததும் மனசே லேசாகிவிடுகிறது. ரேஸ் டிராக் பக்கமெல்லாம் போக மாட்டேன். இப்போதிருக்கும் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவேன். அது அப்பா வாங்கியது, அவர் பேரில்தான் இருக்கிறது. அவர் இப்போது ஓட்டுவதில்லை, கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தாழ்வான வண்டியில் அவரால் ஏற முடியாது, அவருக்கு டாக்ஸி சொல்லிவிடலாம். நான் எதை எடுக்கட்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் இதைவிட நாலு மடங்கு நீளம், இங்கே சுருக்கியிருக்கிறேன். சீட்டுத் தையலின் நிறத்துக்கு ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்கு நாலே வரி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நாலு வரியைத்தான்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. வாங்கப்போகும் பொருள் பக்கம் பக்கமாக வரும், வீட்டில் இருக்கும் பெரியவர் ஓரமாக வந்து ஒரு வாக்கியத்தில் போய்விடுவார். அவர் வாங்கிய கார், அவர் பேரில் இருக்கும் கார். அதைக் கொடுத்துவிட்டு அவரால் ஏறவே முடியாத ஒரு வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தப் போகிறீர்கள். அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. கையெழுத்துப் போட மட்டும் அவர் வேண்டும், அப்படித்தானே?

முழங்கால் விஷயத்தை நீங்கள் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறீர்கள், அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விடும். எழுந்திருக்கும்போது மொத்த பாரமும் முழங்காலில்தான் இறங்கும். இது எந்தக் காலத்திலும் இருந்த சங்கடம். 1954ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் கூப்பேயில் பக்கச் சட்டம் அவ்வளவு உயரமாக இருந்ததால் சாதாரணக் கதவே வைக்க முடியவில்லை, கதவுகளைக் கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும்படி செய்தார்கள், ஓட்டுபவர் கால் நுழைக்க ஸ்டியரிங்கையே மடக்க வேண்டியிருந்தது. 1957ல் அதையே திறந்த வண்டியாகச் செய்தபோது கீல் வைக்கக் கூரை இல்லை, சட்டத்தைத் தாழ்த்திச் சாதாரணக் கதவு போட்டார்கள். ஆள் ஏறி இறங்க ஒரு கம்பெனி இவ்வளவு பாடுபட்டது. நீங்கள் டாக்ஸி சொல்லிவிடலாம் என்று முடித்துவிட்டீர்கள்.

நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில் டாக்ஸி சொல்லுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஆபரேஷன் ஆன மனிதரை டாக்டரிடம் கூட்டிப்போவதும், கதவைத் திறந்து கை கொடுத்து இறக்குவதும், டாக்டர் என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்று கேட்பதும் பிள்ளையின் வேலை. பணம் கொடுத்து அதை இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது. இதைப் பழைய காலத்துப் பேச்சு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூப்பே இறுக்கமாகத் தெரிவது உங்கள் பிரமை அல்ல. கூரைதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதை எடுத்தால் வண்டி முறுக ஆரம்பிக்கும், அதற்காகக் கதவுக்கடியில் ஓடும் சட்டத்தையும் முன்கண்ணாடி ஓரத் தூண்களையும் பலப்படுத்துவார்கள், எடை கூடும், அப்படியும் மோசமான ரோட்டில் டாஷ்போர்டு லேசாக உதறலாம். ஆரம்பத்திலேயே திறந்த வண்டியாக வரைந்தவற்றில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. 1989ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 அப்படிப்பட்டது. போர்ஷேகூட 1996ல் பாக்ஸ்டரைத் திறந்த வண்டியாகக் கொண்டுவந்துவிட்டு, அதன் கூப்பே வடிவமான கேமனை 2005ல்தான் காட்டியது. டிராக்குக்குப் போகாத உங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை.

உங்களுக்குப் பெரிய விஷயம், வீட்டில் வேறு கார் இருக்கப்போகிறதா இல்லையா என்பது. கன்வெர்ட்டிபிளின் குறைகள் எல்லாம் தினசரி உபயோகத்தில்தான் கடிக்கும். கூரையை மடித்தால் பல மாடல்களில் டிக்கியில் இடம் குறையும், வெளியிலேயே நிறுத்தினால் துணி வெயிலில் வெளுக்கும், தண்ணீர் வடியும் குழாயில் இலை அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வந்து கார்ப்பெட் நாறும், ஹைவேயில் கூரையைத் திறந்து போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். மனசு கேட்கும்போது மட்டும் எடுக்கும் இரண்டாவது வண்டிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதனால் என் பதில் இது. அப்பாவின் கார் வீட்டிலேயே இருக்குமானால் கன்வெர்ட்டிபிளை எடுங்கள், கூரையைத் திறந்ததும் மனசு லேசாகிறது என்று எழுதிய ஆளுக்குக் கூப்பே வீண். அந்தக் காரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டுமே வேண்டாம். நடுவில் தலைக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் எடுத்துவிடும் டார்கா, மடங்கும் இரும்புக் கூரை என்றெல்லாம் ஷோரூமில் காட்டுவார்கள், அவையும் அதே உயரம்தான், அப்பாவுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் பணம் கட்டிவராது என்பீர்கள். அப்படியானால் இன்னும் கொஞ்ச காலம் சேர்த்துவையுங்கள். இல்லையா, ஒருவர் நன்றாக வைத்திருந்த பழைய எம்எக்ஸ்-5 மாதிரி சின்ன வண்டியாகப் பாருங்கள். வாங்கும் முன் கூரைத் துணியின் மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. இந்த வாரமே அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள், எந்தப் பேப்பரையும் கையில் எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் ஆசைப்பட்டது தெரிந்தால் அவர் உடனே "எடுத்துக்கோப்பா, எனக்கு எதுக்கு கார்" என்றுதான் சொல்வார், பெரும்பாலான அப்பாக்கள் அதைத்தான் சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னாலும் அந்தக் காரை விற்காதீர்கள்.