வாசகர் கேள்வி பதில்: ஆட்டு வெலைய பாருங்க, பஞ்சம் தெரியும்

கேள்வி: சூடான்ல பஞ்சம்னு நியூஸ்ல காட்டிகினே இருக்காங்க சார். சண்ட வந்தா சோத்துக்கு கஷ்டம்னு சின்ன புள்ளைக்கும் தெரியும், உலகத்துக்கு மட்டும் முன்னாடியே தெரியாதா, இல்ல தெரிஞ்சும் வுட்டுட்டாங்களா?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: தெரிஞ்சும்தான் தம்பி. கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தைக்கு போயிருப்பீங்க, மழ பொய்ச்ச வருஷத்துல வண்டி வண்டியா ஆடு வந்து எறங்கும், வாங்க ஆள் இருக்காது, கேக்கற வெலைக்கு தள்ளிட்டு போவாங்க. ஆப்பிரிக்காவுல பஞ்சத்த கண்காணிக்கறவங்களும் இதத்தான் பாக்கறாங்க, ஒரு ஆட்ட வித்தா எத்தன கிலோ தானியம் வரும்னு கணக்கு எடுத்துகினே இருப்பாங்க, கிலோ கொறஞ்சுகினே வந்தா பசி கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம். சண்ட நடக்கற எடம்னா இன்னும் கொஞ்சம் பாக்கணும். வெதைக்கற மாசத்துல நெலத்துக்கு போக முடியுதா, லாரி வர்ற ரோடு தொறந்திருக்கா, உதவிக்கு வந்தவங்கள வெளிய போகச் சொல்லிட்டாங்களா. (கடைசி விஷயம் நமக்கு புதுசா என்ன? 2008 செப்டம்பர்ல ஐ.நா. ஆளுங்க கிளிநொச்சிய விட்டு கெளம்பினாங்க. அடுத்த மே மாசம் முள்ளிவாய்க்கால்ல ஜனங்களுக்கு வெறும் கஞ்சிதான்.)

சூடான்ல 2023 ஏப்ரல் 15 சண்ட ஆரம்பம். அந்த நாட்டுக்கே சோறு போடற கெஸீரா மாகாணத்துக்குள்ள டிசம்பர்ல சண்ட பூந்துச்சு, அப்பவே அடுத்த வருஷம் என்னாகும்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா ஊர விட்டு ஓடி வந்தவங்க தங்கின ஸம்ஸம் முகாம்ல பஞ்சம்னு உறுதி பண்ணது 2024 ஆகஸ்ட்ல. அதுக்கு வெச்சிருக்கற அளவுகோல் அப்படி: அஞ்சுல ஒரு குடும்பத்துக்கு சாப்பாடே இல்லங்கற நெலம, 100 கொழந்தைல 30 கொழந்த எளச்சு கெடக்கணும், 10,000 பேருக்கு தெனம் 2 பேர் சாகணும். சாவ எண்ணித்தான் அறிவிப்பு வரும், பணம் தர்ற நாடுங்க பாதி நேரம் அந்த அறிவிப்புக்குத்தான் காத்துகினு இருக்கும். சோமாலியாவுல 2010லயே எச்சரிக்க வந்துடுச்சு, 2011 ஜூலைலதான் அறிவிச்சாங்க, செத்தது கிட்டத்தட்ட 2,60,000 பேர், அதுல பாதி அஞ்சு வயசுக்கு உள்ள. அதே ஊர்ல 2017ல மறுபடி மழ இல்ல, சண்டயும் நிக்கல, ஆனா அந்த தடவ சீக்கிரமே பணத்த எறக்கி ஜனங்க கையில காசா குடுத்தாங்க. கஷ்டம் இருந்துச்சு, பஞ்சம்னு அறிவிக்கற அளவுக்கு போகல.

கேள்வி: முன்கூட்டியே அரிசி மூட்டைய அனுப்பினா சண்ட போடறவன்தானே தூக்கினு போவான்?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: தூக்குவான்தாம்மா. அதனாலதான் கடையில சரக்கு இருக்கற வரைக்கும் மூட்டைய விட காசு மேல். வெதைனா நேரத்துக்கு போய் சேரணும், சூடான்ல ஜூன் ஜூலைல வெதைக்கணும், அது தாண்டி வந்த வெதைய வறுத்து திங்கத்தான் முடியும். சூடான் தலைநகர் கார்ட்டூம்ல தெருவுல இருக்கறவங்களே குழுவா சேந்து பொது அடுப்பு மூட்டி சமைச்சு போட்டாங்க, 2025 ஆரம்பத்துல அமெரிக்கா பணத்த நிறுத்தினதும் நெறய அடுப்பு அணைஞ்சுபோச்சு. சமைக்க ஆளு இருந்தாங்க, அண்டா இருந்துச்சு, காசு வரல. எனக்கு வயிறு எரியறது இங்கதான்.

ஆனா சுத்தி வளைச்ச ஊருக்கு காசு மட்டும் பத்தாது. சூடான்ல அப்படி முற்றுகைல மாட்டின எல் ஃபாஷர் நகரத்துல மாட்டுக்கு போடற கடலப் புண்ணாக்க ஜனங்க தின்னாங்க. அந்த மாதிரி ஊருக்கு ரோட்ட தொறக்க வெக்கணும், அது அரசியல், அதுக்கு ஆயுதம் குடுக்கறவங்க கழுத்துல கை வெக்கணும்.

கேள்வி: இதுக்கெல்லாம் சட்டம் இல்லியா?
(ஆற்காடு)

பதில்: இருக்கு. ஜனங்கள பட்டினி போட்டு சண்ட போடக்கூடாதுன்னு 1977லயே ஜெனீவா ஒப்பந்தத்தோட சேத்தாங்க. 2018 மே மாசம் ஐ.நா. பாதுகாப்பு சபைல 2417ன்னு ஒரு தீர்மானம், சண்டயால பஞ்சம் வர்ற மாதிரி இருந்தா சபைக்கு உடனே சொல்லணும்னு. சொல்றாங்க. கேக்கறதுதான் இல்ல.

கேள்வி: நம்ம மல்லாட்டைலருந்து பஞ்சத்துக்கு மருந்து பண்றாங்களாமே, நெஜமா?
(விவசாயி, அணைக்கட்டு)

பதில்: நெஜம்தாங்க. மல்லாட்டைய அரைச்சு, பால் பவுடர், சர்க்கர, எண்ண, வைட்டமின் எல்லாம் கலந்து 92 கிராம் பாக்கெட்டு, ஒண்ணுல 500 கலோரி. தண்ணி வேணாம், அடுப்பு வேணாம், கிழிச்சு கொழந்த வாயில வெச்சா போதும். யாருக்கு குடுக்கணும்னு பாக்க ஒரு கலர் பட்டை, கொழந்தயோட மேல்கையில சுத்துவாங்க, 11.5 சென்டிமீட்டருக்கு கீழ வந்தா செவப்பு, கொழந்த ரொம்ப எளச்சுடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல 12.5 வரைக்கும் மஞ்சள், அது கொஞ்சம் எளச்சது. மஞ்சள்ல இருக்கும்போதே குடுக்கறதுக்குன்னு தனியா பாக்கெட் இருக்கு, காசு கம்மியானா மொதல்ல நிறுத்தறதும் அதத்தான். வீட்ல பண்ற மல்லாட்ட உருண்ட இதுக்கு பதிலா ஆகாது, அத நாம சாப்டுவோம்.