ஈஃபிள் டவரில் துணி எங்கே காயப்போடுவார்கள்?

வணக்கம் அம்மா,

நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். பையனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. உலக நகரங்களை அறிமுகப்படுத்தலாம் என்று படப் புத்தகங்கள் வாங்கி, வேலை முடிந்து லோக்கல் ரயிலில் வீடு வந்ததும் மடியில் வைத்துக் காட்டுகிறேன். படத்தைப் பார்த்தே 22 நகரங்களின் பெயரைச் சொல்லுவான். ஆனால் கொஞ்ச நாளாகப் பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்கிறான். போன வாரம், "ஈஃபிள் டவர்ல துணி எங்க காயப்போடுவாங்க?" என்றான். பேச்சை மாற்றாதே என்று அதட்டிவிட்டேன். கவனம் சிதறுகிறதோ என்று கவலையாக இருக்கிறது. எந்த வயதில் எந்தப் புத்தகம் தரலாம்? சில புத்தகங்கள் அறுபது வருடம் பழையவை, தப்பான தகவல் மனதில் பதிந்துவிடாதா? ஆங்கிலத்தில் படிப்பதா, தமிழில் சொல்வதா?

ச., செம்பூர்

அன்புள்ள ச.,

வயதுக் கணக்கை விடுங்கள். பக்கம் புரட்டத் தெரிந்தால் போதும், கிழித்தால் ஒட்டிக்கொள்ளலாம். மொழியிலும் குழப்பம் வேண்டாம், தமிழில் சொல்லுங்கள். அச்சில் இருப்பதை வரிக்கு வரி சொல்லவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இரண்டு நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பது அந்தத் துணியைத்தான். செம்பூரில் எந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாலும் ஜன்னலுக்கு வெளியே துணி தொங்கும். உங்கள் பையன் பிறந்ததிலிருந்து பார்த்த உயரமான கட்டடம் எல்லாவற்றிலும் துணி இருந்திருக்கிறது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு சட்டைகூட இல்லையே என்று கவனித்திருக்கிறான். படத்தை அப்படி உற்றுப் பார்த்த பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

என் அப்பா பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மாட்டுங்காவில் ஒண்டுக்குடித்தனம். 1968 வாக்கில், எனக்கு ஐந்து வயது. வருடம் முடிந்ததும் ஆபீசில் கழற்றிய காலண்டரை வீட்டுக்குக் கொண்டுவருவார். மாதத்துக்கு ஒரு துறைமுகம், எல்லாம் கையால் வரைந்த வண்ணப் படங்கள். அதில் ஹாம்பர்க் படத்தின் ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஆள். கப்பல் கயிற்றைக் கட்டும் இரும்புத் தூணின்மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டுக்குத் தினமும் பத்து மணிக்குள் டப்பாவாலா வந்து அப்பாவின் சாப்பாட்டு டப்பாவை வாங்கி, ரயிலில் ஆபீசுக்கு அனுப்ப எடுத்துப் போவார். மூடியில் மஞ்சள் பெயிண்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், பாதி உரிந்துபோய். சாயங்காலம் அப்பாவுக்கு முன்னால் காலி டப்பா வீடு வந்துவிடும். அதனால் ஹாம்பர்க் ஆளைக் காட்டி, "இவருக்கு டப்பா யாருப்பா கொண்டுவந்தா?" என்று கேட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. "பக்கத்துல ஸ்டேஷன் இருக்கா பாரு" என்றார். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துத் தேடினோம். கிரேன்களுக்குக் கீழே தண்டவாளம் ஓடியது. "அப்ப ரயில்லதான் வந்திருக்கும்" என்றார். எங்கிருந்து ஏற்றியிருப்பார்கள், குளிரில் சாப்பாடு ஆறிப்போகாதா, அந்த ஆளின் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று ராத்திரி வரை பேசினோம்.

அப்புறம் உறவினர் ஒருவர் வந்து ஒரு மாதம் தங்கினார். பன்னிரண்டு துறைமுகத்தையும் நாட்டோடு சேர்த்து என்னை மனப்பாடம் செய்யவைத்தார். யார் வந்தாலும் நிற்கவைத்துக் கேட்பார். ஹாம்பர்க், மேற்கு ஜெர்மனி. ராட்டர்டாம், நெதர்லாந்து. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த ஆளை நான் பார்க்கவே இல்லை. படம் சுவரில்தான் இருந்தது, ஆனால் பெயர் வாயில் வந்த உடனே கண் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த 22 நகர விளையாட்டை இன்றோடு நிறுத்துங்கள். "இது எந்த ஊர்?" என்று கேட்கிறீர்கள், "பாரிஸ்" என்கிறான், பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள். ஒரு ஊரைப் பார்க்க அவனுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்? டவரின் உயரம் 330 மீட்டர் என்று நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். துணியைப் பற்றி இந்த வயதில்தான் கேட்பான். பெயரைக் கேட்கும் வழக்கமே வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அவன் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.

எந்தப் புத்தகம் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். ப்ராக்கில் பிறந்த ஓவியர் மிரோஸ்லாவ் சாசெக் விடுமுறைக்குப் பாரிஸ் போனபோது, குழந்தைகளுக்கு ஊரைச் சொல்லும் புத்தகம் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பாரிஸ், லண்டன் புத்தகங்கள் 1959-இல் வந்தன, ரோம், நியூயார்க் புத்தகங்கள் 1960-இல். அவருடைய பாரிஸில் பெரிய கட்டடங்களோடு பூக்காரிகள் உண்டு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வாசல்காரம்மா உண்டு, நிறையப் பூனைகள் உண்டு. ஜப்பானியரான மிட்சுமாசா அன்னோ 1977-இல் செய்த ஐரோப்பியப் பயணப் புத்தகத்தில் எழுத்தே கிடையாது. குதிரையில் போகும் ஒரு சின்ன ஆளைப் பக்கத்துக்குப் பக்கம் தேடிக்கொண்டே போகலாம். உங்கள் மொழிக் கவலைக்கும் அது நல்லது.

பழைய புத்தகம் என்று பயப்படாதீர்கள். சாசெக்கின் மறுபதிப்புகளில் எது மாறியிருக்கிறது என்று கடைசியில் குறிப்பே போட்டிருக்கிறார்கள். அதையும் பேசலாம். நம் ஊரில் 1937-இல் வந்த டபுள் டெக்கர் பஸ்ஸும் மாறித்தான் போனது. பழைய டீசல் வண்டி கடைசியாக ஓடியது 2023 செப்டம்பர் 15. இப்போது ஓடுவது ஏ.சி. வைத்த மின்சார வண்டி. லண்டன் பஸ் படம் வரும்போது, முன்பெல்லாம் நம் மாடி பஸ்ஸில் ஜன்னல் திறந்திருக்கும், முகத்தில் காற்று அடிக்கும் என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்து லோக்கலில் நசுங்கி வந்த பிறகும் பிள்ளையை மடியில் வைத்துப் புத்தகம் திறக்கிற அம்மா நீங்கள். அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன்.

சரி, துணிக்கு வருவோம். 1889-இல் டவர் திறந்தபோது, அதைக் கட்டிய ஈஃபிள் என்பவர் அதன் உச்சியில் தனக்கென்று ஒரு சின்ன அறை வைத்துக்கொண்டார். அந்த வருடம் எடிசன்கூட அங்கே வந்து அவரைப் பார்த்தார். இதைப் பையனிடம் சொல்லுங்கள். அவ்வளவு உயரத்தில், அந்தக் காற்றில், ஈஃபிள் துவைத்த சட்டையை எங்கே போட்டிருப்பார் என்று அவனையே கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.