ஆரம்ப நிலை மெலனோமா: சிகிச்சையை எப்படி முடிவு செய்வது? – கேள்வி பதில்

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருப்பதாகத் தெரிந்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று குழம்பி நிற்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் உடம்பையும் ரிப்போர்ட்டையும் நேரில் பார்த்தவர் சொல்வதுதான் இறுதி. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இந்தப் பதில்கள் உதவட்டும்.

கேள்வி: முதுகில் இருந்த மச்சத்தை எடுத்துப் பார்த்ததில் மெலனோமா என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் "ப்ரெஸ்லோ 0.6 மி.மீ., அல்சரேஷன் இல்லை, கிளார்க் லெவல் 3" என்று இருக்கிறது. லெவல் 3 என்றால் மூன்றாம் கட்டமா டாக்டர்? மூன்று நாளாகத் தூக்கமே இல்லை.

இல்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கிளார்க் லெவல் என்பது கட்டி தோலின் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்று சொல்லும் பழைய கணக்கு. இன்றைய ஸ்டேஜ் கணக்கில் அதற்கு இடமே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது 0.6 மி.மீ. என்ற எண்ணைத்தான். தோலின் மேற்பகுதியிலிருந்து, ஆழத்தில் கடைசியாகத் தெரியும் புற்றுச் செல்வரை மைக்ரோஸ்கோப்பில் அளந்த தடிமன் அது. அலெக்சாண்டர் ப்ரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் 1970-இல் சொன்ன அளவு. இன்றும் மெலனோமாவில் பெரும்பாலான முடிவுகள் இதை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. 0.8-க்குக் கீழே, மேல்தோல் புண்ணாகாமல் (அதைத்தான் "அல்சரேஷன் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள்), வேறெங்கும் பரவாமல் இருந்தால் ஸ்டேஜ் 1ஏ. இந்த நிலையில் இருப்பவர்களில் 100-க்கு 99 பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் மெலனோமாவால் இறப்பதில்லை.

ரிப்போர்ட்டில் இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள்: அடிப்பக்க விளிம்பு சுத்தமாக இருக்கிறதா? மச்சத்தை மேலோட்டமாகச் சீவி எடுத்திருந்தால் கட்டியின் அடிப்பகுதி உள்ளேயே தங்கியிருக்கலாம். அப்போது 0.6 என்பதற்குக் "குறைந்தது 0.6" என்றுதான் பொருள். அடிப்பக்கத்தில் கட்டி தெரிகிறது என்று எழுதியிருந்தால், மிச்சத்தையும் எடுத்துப் பார்க்கும்வரை ஸ்டேஜ் முடிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மச்சத்தை முழுசாக எடுத்தாகிவிட்டது, விளிம்பும் சுத்தம் என்கிறார்கள். மறுபடி ஏன் வெட்ட வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியே ஒன்றிரண்டு செல்கள் தங்கியிருக்கலாம், அதனால்தான். மேல்தோலைத் தாண்டாத இன் சிட்டு என்றால் சுற்றிலும் அரை முதல் 1 செ.மீ.; 1 மி.மீ. தடிமன்வரை 1 செ.மீ.; 1 முதல் 2 மி.மீ. வரை 1–2 செ.மீ.; அதற்கு மேல் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். ஒரு காலத்தில் 5 செ.மீ. வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். 2 மி.மீ. வரையிலான கட்டிகளில் 2 செ.மீ.க்கும் 5 செ.மீ.க்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகளில் தெரிந்த பிறகு அது போய்விட்டது. அதிகமாக வெட்டினால் அதிகப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

தழும்பின் நீளத்தைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் புடைத்து நிற்கும். அதனால் கண் வடிவத்தில், அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டுவோம். சுண்டுவிரல் நகத்தளவு மச்சத்துக்கு 7, 8 செ.மீ. தையல் வருவது சாதாரணம். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

கேள்வி: அண்ணனுக்குக் கையில் 1.4 மி.மீ. சென்டினல் நிணநீர் முடிச்சையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். முதலில் கட்டியைச் சுற்றி வெட்டிவிடலாம், முடிச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

முடிச்சைச் சோதிப்பது என்று முடிவானால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் சரி. ஆரம்ப நிலை மெலனோமாவில் எதை முதலில் செய்கிறோம் என்பது பெரிதாக முக்கியமாவது இந்த ஓர் இடத்தில்தான்.

கட்டி இருந்த இடத்தைச் சுற்றி மிகக் குறைந்த அளவு கதிரியக்க மருந்தை ஊசி போடுவார்கள். அது நிணநீரோடு போய், அந்தப் பகுதி வடியும் முதல் முடிச்சில் தங்கும். கையில் கட்டி என்றால் பெரும்பாலும் அக்குள். அறுவை அறையில் நீலச் சாயமும் போடுவோம். பிறகு பேனா போன்ற ஒரு கருவியை அக்குளில் நகர்த்திக்கொண்டே வந்தால், முடிச்சின் மேல் வந்ததும் அதன் சத்தம் விரைந்து கூடும். சின்னதாக ஒரு வெட்டு போட்டு உள்ளே பார்த்தால், மஞ்சள் கொழுப்புக்கு நடுவே நீலம் ஏறிய முடிச்சு தெரியும். அதை மட்டும் எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, புற்றுச் செல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதலிலேயே அகலமாக வெட்டித் தைத்துவிட்டால் அந்த நிணநீர்ப் பாதைகள் மாறிப்போகும். அப்புறம் கருவி காட்டும் முடிச்சு உண்மையிலேயே முதல் முடிச்சுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதனால் ஆயுள் கூடுமா என்றால், இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் ஒட்டுமொத்தமாக மெலனோமாவிலிருந்து அதிகம் பேர் பிழைத்ததாகப் பெரிய ஆய்வில் தெரியவில்லை. ஆனால் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மேற்கொண்டு மருந்து தேவையா என்பதை இது தெளிவாகக் காட்டும். 1 மி.மீ.க்கு மேல் இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: எனக்கு 0.7 மி.மீ., அல்சரேஷன் இல்லை. முடிச்சுச் சோதனை வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். அலட்சியமா?

அலட்சியம் இல்லை. உங்கள் அளவில் முடிச்சில் நோய் இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழ். 0.8 முதல் 1.0 வரை இருப்பவர்கள், அல்லது மெல்லிய கட்டியாக இருந்தும் புண்ணானவர்கள்தான் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் வயது, புற்றுச் செல்கள் பிரிந்து பெருகும் வேகம் போன்றவற்றை வைத்து டாக்டரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: முடிச்சில் நோய் இருந்தால் அக்குளில் உள்ள எல்லா முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்களா?

முன்பு அப்படித்தான் செய்தோம். 2017-இல் வெளிவந்த எம்.எஸ்.எல்.டி.-2 ஆய்வு அதை மாற்றியது. எல்லாவற்றையும் எடுத்தவர்கள், எடுக்காமல் அல்ட்ராசவுண்டில் கண்காணிக்கப்பட்டவர்கள் இரு தரப்பிலும் மூன்று ஆண்டுகளில் மெலனோமாவால் இறக்காதவர்கள் 86 சதவீதம். கை கால் வீக்கம் மட்டும் முதல் தரப்பில் 24 சதவீதம், இரண்டாம் தரப்பில் 6 சதவீதம். அதனால் இப்போது பெரும்பாலும் கண்காணிப்புதான். ஆனால் ஸ்டேஜ் 3 ஆகிவிடுவதால் மருந்து பற்றிய பேச்சு தொடங்கும்.

கேள்வி: ஸ்டேஜ் 1 என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் "ஒரு பெட் ஸ்கேன் எடுத்துவிடு, மனசு நிம்மதியாக இருக்கும்" என்கிறார்கள்.

அறிகுறி எதுவும் இல்லையென்றால் வேண்டாம். இந்தக் கட்டத்தில் ஸ்கேனில் மெலனோமா கிடைப்பது மிக அரிது. சம்பந்தமில்லாத ஏதோ ஒரு புள்ளி தெரிந்து, அதற்கு ஒரு பயாப்சி, அதற்காக ஒரு மாதக் கவலை என்று போவதுதான் அதிகம் நடக்கிறது.

கேள்வி: நாங்கள் நல்ல கருப்பு நிறம். அப்பாவுக்கு உள்ளங்காலில் 2.3 மி.மீ. மெலனோமா. எங்கள் நிறத்துக்கு இது வராது என்றல்லவா சொல்வார்கள்?

வரும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு மொத்தத்தில் குறைவாகத்தான் வரும். வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம். பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் கால்விரல் நகத்தடியில்தான். இதற்கு வெயில் காரணம் இல்லை. ஆணி என்றும் அடிபட்ட இரத்தக்கட்டு என்றும் நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவதால் தாமதமாகவே தெரியவருகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அப்பாவின் சிகிச்சைக்கும் அதே தடிமன் கணக்குதான்: சுற்றிலும் 2 செ.மீ., கூடவே சென்டினல் முடிச்சு. உள்ளங்காலில் தோலை இழுத்துத் தைக்க இடம் இருக்காது. வேறு இடத்துத் தோலை ஒட்டவோ, பக்கத்துத் தோலைத் திருப்பிப் போடவோ வேண்டியிருக்கும். எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது என்று இப்போதே கேட்டு, வீட்டில் அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 3.2 மி.மீ., அல்சரேஷன் உண்டு. முடிச்சில் நோய் இல்லை, ஸ்டேஜ் 2பி. ஒரு வருடம் இம்யூனோதெரபி எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கட்டுமா?

இந்த வரிசையிலேயே கடினமான கேள்வி உங்களுடையதுதான். முடிச்சில் பரவவில்லை என்பதால் ஆபத்து குறைவு என்று நினைப்பது இயல்பு. ஆனால் தடித்துப் புண்ணான கட்டிகளில் அப்படி இல்லை. முடிச்சில் மிகச் சிறிய அளவில் நோய் உள்ள 3ஏ-காரர்களைவிட 2பி, 2சி-காரர்களுக்கு விளைவு மோசமாக இருக்கலாம்.

இம்யூனோதெரபி என்பது புற்றுநோயைத் தாக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை. அதில் ஒன்றான பெம்ப்ரோலிசுமாப் மருந்தை உங்கள் நிலையில் சோதித்தது கீநோட்-716 ஆய்வு. 18 மாதத்தில் நோய் திரும்பாதவர்கள் மருந்து எடுத்தவர்களில் 86 சதவீதம், எடுக்காதவர்களில் 77 சதவீதம். அதாவது 100 பேர் எடுத்தால் ஏறக்குறைய 9 பேருக்கு அந்தக் காலத்தில் பலன். 77 பேருக்கு மருந்தில்லாமலே திரும்பியிருக்காது. மொத்த ஆயுள் கூடுகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

பக்க விளைவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். களைப்பு, அரிப்பு எல்லாம் போய்விடும். ஆனால் எதிர்ப்புச் சக்தி தைராய்டையோ பிட்யூட்டரியையோ அட்ரினலையோ தாக்கிவிட்டால் வாழ்நாள் முழுக்க மாத்திரைதான். அரிதாக இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோயும் வரலாம்.

வயது குறைவு, வேறு நோய் இல்லை, திரும்பி வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது என்றால் எடுப்பது நியாயம். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் ஏற்கெனவே இருந்தால், அல்லது நிரந்தரப் பக்க விளைவை ஏற்க மனமில்லை என்றால், எடுக்காமல் நெருக்கமாகக் கண்காணிப்பதும் நியாயம்தான். நோய் திரும்பினால் அப்போது கொடுக்கவும் மருந்துகள் இருக்கின்றன. "என் வயதில், என் உடம்பில் நிரந்தரப் பாதிப்பு வர எவ்வளவு வாய்ப்பு?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

கேள்வி: கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார் அத்தை. களிம்பு போட்டே கரைத்துவிடலாமாம்.

பயாப்சியாலும் அறுவையாலும் மெலனோமா பரவுவதில்லை. தோலை அரிக்கும் களிம்புகள் மேலே தெரிவதை எரித்துவிடும், அடியில் இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும். தடிமனை அளக்கும் வழியும் போய்விடும். அத்தையிடம் கோபப்பட வேண்டாம், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூட அழைத்துப் போங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். பிரசவம் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா மேடம்?

வேண்டாம் அம்மா, அகல அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு இப்போதே பாதுகாப்பாகச் செய்யலாம். முடிச்சுச் சோதனை தேவைப்பட்டால் நீலச் சாயத்தைத் தவிர்ப்பார்கள். அதை எப்போது செய்வது என்று உங்கள் மகப்பேறு மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசட்டும்.

கேள்வி: இரண்டாவது கருத்து கேட்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் முற்றிவிடுமா?

இரண்டு வாரத்தில் முடிவு மாறாது, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கி, தோல் நோயியலில் தேர்ந்த ஒருவர் மறுபடி பார்க்கும்படி செய்யுங்கள். மெலனோமாவா, வெறும் மச்சமா என்பதிலேயே சில சமயம் நிபுணர்களுக்குள் கருத்து மாறுபடுவது உண்டு.

கேள்வி: எல்லாம் முடிந்தது. இனி என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஸ்டேஜ் 1 என்றால் முதல் ஐந்து வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை முழுத் தோல் பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை. மாதம் ஒருநாள் குளித்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்: தழும்பையும் அதைச் சுற்றியும் தடவி, புதிதாகக் குருணை போல ஏதும் தட்டுப்படுகிறதா, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா, உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்களில் மாற்றம் உண்டா என்று. முதுகையும் தலையையும் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடட்டும்.